கொக்குத் தட்டுக்கு ஒரு ஜோடி

கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. அந்த ஓரத்தில் இருக்கிறவரும் இப்படி நகர்ந்து உட்காரும் ஓய். நான் சத்தமாகச் சொல்ல முடியாது. அடுக்களையில் ஞானசெல்வி இருக்கிறாள். என் பெண்சாதி. அவளுக்கும் எல்லாரையும் போல ரெண்டு காதுதான். ஆனால் ரெண்டும் என் பக்கமாகவே திரும்பி இருக்கும்.

எனக்குத் தக்கலையில் கருப்பட்டி வியாபாரம். பேர் ரசலையன். படிப்பு கோயில் பள்ளிக்கூடத்தோடு சரி, அதுவும் மழை பெய்யாத நாளில்தான். ஆனாலும் அந்தக் காலத்தில் தக்கலையில் சப்பான் பீங்கானைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. ஏன் கிடையாது என்று கேட்டால், வேறு யாருக்கும் அந்தக் கிறுக்குப் பிடிக்கவில்லை.

கிறுக்கு பிடித்தது மிசன் பங்களாவில். கருப்பட்டி கொண்டுபோய் இறக்கினேன். துரைசாணி ஒரு கோப்பையில் தேயிலைத் தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு, கோப்பை சுத்தமா என்று பார்க்க வெயிலுக்கு நேரே பிடித்தேன். அந்தப் பக்கம் பிடித்திருந்த என் விரல் இந்தப் பக்கம் நிழலாகத் தெரிந்தது! மண்ணால் செய்த சாமான் ஓய். உள்ளித் தொலி மாதிரி மெல்லிசாக இருந்தது. விளிம்பில் ஒரு பொன் கோடு. அதற்குக் கீழே மஞ்சாடிக்குரு அளவுக்குச் சின்னச் சின்னப் பூ. ஒரு பூவைப் போல இன்னொரு பூ இல்லை. எவனோ ஒருத்தன் கடல் தாண்டி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறான்.

"சப்பான்," என்றாள் துரைசாணி.

வீட்டுக்கு வந்தேன். ஞானசெல்வி கும்பாவில் கஞ்சியை ஊற்றி வைத்தாள். கும்பாவைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன், கஞ்சியில உப்பு இல்லியா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். உலகத்தில் உள்ள சப்பான் பீங்கான் எல்லாம் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து சேரணும். அது நடக்கவில்லை என்றால் பாதியாவது.

இந்த மாதிரி முடிவெடுக்கிறவனுக்கு ஒரு யூஜின் கிடைப்பான். எனக்கும் கிடைத்தான். கொளச்சல் பக்கத்து ஆள். ரொம்பக் காலம் கொளும்பில் இருந்துவிட்டு வந்து, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை போட்டான். முன்னால் கடை, பின்னால் வீடு. கடையில் சப்பான் சீப்பு, சப்பான் கண்ணாடி, சாவி கொடுத்தால் தலையாட்டுகிற சப்பான் தாரா வாத்து. ஆனால் உள்ளே வைக்கோலுக்குள் பொதிந்து வைத்திருந்தான் பாருங்கள், அதுதான் சாமான். அதைத் துட்டுக்குக் கொடுக்கமாட்டான். பழைய வெள்ளி, பழைய வெண்கலம் இருந்தால் மாற்றிக் கொடுப்பான்.

முதலில் என் அப்பாவின் வெள்ளி வெற்றிலைச் செல்லத்தைக் கொடுத்து ஆறு கோப்பை வாங்கினேன். சும்மா கோப்பை இல்லை. பார்த்தால் அடி வெள்ளையாக இருக்கும். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால், அடியில் ஒரு சப்பான்காரியின் முகம் தெரியும். கொண்டை, கண், உதடு, எல்லாம். மை இல்லை, நிறம் இல்லை. பீங்கானைக் கனத்தும் மெலிந்தும் வார்த்தே முகம் செய்திருக்கிறான். வெளிச்சம் வந்தால் அவள் வருவாள். வெளிச்சம் போனால் போய்விடுவாள்.

ஞானசெல்வியை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"அடியில ஒரு பொம்பிள இருக்கா," என்றாள்.

"சப்பான்காரி."

"அவளுக்குக் கோப்பைக்கு அடியில என்ன சோலி?"

"சோலி இல்லட்டி. அதாக்கும் கைவேலை."

"அப்பம் நான் காப்பி போட்டுத் தருவேன். நீங்க குடிக்கக் குடிக்க அவ மொகம் மேல வரும்."

"இதில யாரும் காப்பி குடிக்கக் கூடாது. இது பாக்கதுக்கு."

"அவளைப் பாக்கதுக்கு மட்டுந்தானா? அது காப்பி குடிக்கதைவிட மோசம்லா." அடுத்த கோப்பையைத் தூக்கிப் பார்த்தாள். "இதிலயும் இருக்கா. ஆறிலயுமா?"

"ஆறிலயும்."

"ஊர் ஊராப் பொம்பிள சேத்த சாலமோன் ராசாவுக்கும் வயசான காலத்திலதான் புத்தி பிசகிச்சாம்," என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போனாள்.

கோப்பைகளுக்காக அயனி மரத்தில் ஒரு கண்ணாடி அலமாரி செய்தேன். சாவி என் மடியில். விருந்து வந்தால் திறந்து காட்டுவேன். தொடவிடமாட்டேன். ஞானசெல்வி ஒருநாள் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

"பத்மநாபபுரம் கொட்டாரத்தில மகாராஜா பெரிய பெரிய சீனப் பரணி வச்சிருந்தாருல்லா? அதுக்குள்ள என்ன போட்டிருந்தாரு?"

"ஊறுகா."

"மகாராஜா ஊறுகா போட்டாரு. கருப்பட்டி யாவாரிக்கு அலமாரி கேக்குது."

ரசனை என்பது எல்லா மகாராஜாவுக்கும் வாய்த்துவிடாது.

இப்படி இருக்கும்போது, கார்த்திகை மாதம், யூஜின் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு வைக்கோலை விலக்கினான். கொக்குத் தட்டு!

அதைப் பற்றிச் சொல்லும்போது இப்போதும் என் கை தானாக விரிகிறது. அரிசி புடைக்கிற சின்னச் சுளவு அகலம். வெள்ளை என்றால் வெறும் வெள்ளை இல்லை, கறந்த பாலில் நீலம் ஒரு துளி விட்ட வெள்ளை. விளிம்பைச் சுற்றிச் சிவப்பும் பொன்னுமாகப் பூ. நடுவில் ஒரு கொக்கு, ஒற்றைக் காலில். பின்னால் ஒரு மலை. நம்ம வேளிமலைக்கு எவனோ மண்டையில் மட்டும் சுண்ணாம்பு அடித்துவிட்ட மாதிரி. நாஞ்சில் நாட்டு வயலில் நான் பார்க்காத கொக்கா? ஆனால் கொக்கின் கழுத்து அப்படி வளையும் என்பதை அந்தத் தட்டைப் பார்த்த பிறகுதான் வயலில் பார்த்தேன். சத்தியம்.

தட்டைத் திருப்பினேன். பின்பக்கம் கடுகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

"அது சூளையில விழுந்த மச்சம் அண்ணாச்சி," என்றான் யூஜின். "இதுக்கு எங்கயோ ஒரு ஜோடி இருக்கும். சப்பான்காரன் இந்த மாதிரிச் சாமானை ஒத்தையாச் செய்யமாட்டான். ஜோடி சேந்துதுன்னா, திருவனந்தபுரத்தில இருந்து ஆள் தேடி வரும்."

"இதுக்கு என்னவேய் கேக்கிய?"

"உங்க வீட்டு வெண்கல உருளி."

இங்கே கொஞ்சம் நிறுத்தி அந்த உருளியைப் பற்றிச் சொல்லணும். அது ஞானசெல்வியின் அம்மா கொடுத்த சீதனம். தட்டினால் கோயில் மணி மாதிரிக் கேட்கும். கிறிஸ்துமஸுக்கு அதில்தான் கருப்பட்டிப் பாகு காய்ச்சி, வறுத்துப் பொடித்த சிறுபயறைக் கொட்டிக் கிளறி, முந்திரிக்கொத்து பிடிப்பாள். போதகர் வீடு, என் அக்காள் வீடு, பக்கத்து வீட்டு நாகம்மை வீடு, எல்லாருக்கும் போகும். வேறு பாத்திரத்தில் காய்ச்சினால் பாகு அடிபிடிக்கும் என்பாள். சுருக்கமாகச் சொன்னால், அந்த வீட்டில் அவளுக்கு என்று இருந்தது ரெண்டே சாமான். ஒன்று உருளி. மற்றது நான். உருளிக்குத்தான் மதிப்பு அதிகம்.

கொடுத்தேனா? கொடுத்தேன். ஞானசெல்வி ஜெபக்கூட்டத்துக்குப் போன சமயம் பார்த்து உருளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில், கோயிலில் மணி அடிக்கிற கோயில்குட்டி யோவான் வந்தார்.

"என்ன ரசலையா, மழைக்கா?"

"இல்ல ஓய். ஈயம் பூசக் கொண்டுட்டுப் போறேன்." வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

யோவான் விழுந்து விழுந்து சிரித்தார். தலையில் உருளியோடு என் கோலம் அப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டைக் கொண்டுவந்து அலமாரியில் வைக்க முடியுமா? எங்கிருந்து வந்தது, எதைக் கொடுத்தது என்று விசாரணை வரும். அதனால் நெல் போட்டு வைக்கிற பத்தாயத்தைத் திறந்து, நெல்லைத் தோண்டி, தட்டைத் துணியில் சுற்றி உள்ளே புதைத்தேன். கிறிஸ்துமஸ் முடியட்டும், நிதானமாக வெளியே எடுக்கலாம் என்று கணக்கு.

சாயங்காலம் ஞானசெல்வி அடுக்களையில் இருந்து கூப்பிட்டாள்.

"உருளியை எங்க?"

"ஈயம் பூசக் குடுத்திருக்கேன்." யோவானிடம் சொன்னதையே இவளிடமும் சொல்வதுதானே முறை? பொய்யாக இருந்தாலும் ஒரே பொய்யாக இருக்கணும்.

தலை மட்டும் வாசலுக்கு வெளியே வந்தது.

"உருளிக்கா?"

"உருளிக்குத்தான்."

"ஈயமா?"

"பின்ன சுண்ணாம்பா பூசுவாவ? பண்டிகை வருதுல்லா. பளபளன்னு இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். "நல்லாப் பூசச் சொல்லுங்க," என்றாள். "கிறிஸ்துமஸுக்கு முன்னால வந்திரணும். வரல்லன்னா இந்த வருசம் முந்திரிக்கொத்து கெடையாது. ஏன் கெடையாதுன்னு போதகர் வீட்டிலயும் உங்க அக்கா வீட்டிலயும் நீங்களே போய்ச் சொல்லணும்."

"வந்திரும்ட்டி."

அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. என் சாமர்த்தியத்தை நினைத்து நானே தோளில் தட்டிக்கொண்டேன். பேச்சிப்பாறையில் தண்ணீர் சத்தம் போடாமல் நிற்கிறது என்றால் அணைக்குப் பின்னால் எவ்வளவு ஆழம் என்று யோசிக்கணும். நான் யோசிக்கவில்லை.

நாள் போயிற்று. பண்டிகை நெருங்கியது. உருளி எங்கே என்று அவள் மறுபடி கேட்கவே இல்லை. பச்சரிசியை இடித்தாள், அரித்தாள், மாவைச் சுளவு சுளவாகப் பரப்பி ஆறவைத்தாள். எங்கே? பத்தாயத்து மூடியின் மேலேயே.

"ஏட்டி, வேற எடம் இல்லியா?"

"எறும்பு ஏறாத எடம் அதுதான். யாரும் தொடக்கூடாது. கை பட்டா மாவு புளிச்சுப் போவும்."

சரி, தட்டு பத்திரமாக உள்ளே இருக்கிறது என்று இருந்துவிட்டேன். மேலே மாவு காவல் வேறு. அதற்குள் ஒருநாள், மாவை விரலால் கிளறிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:

"கேட்டியளா, யூஜின் வீட்டுக்குப் போயிருந்தேன். செசிலி ஒரு தட்டு காட்டினா." செசிலி என்றால் யூஜினின் பெண்சாதி. "பெரிய தட்டு. கொக்கு போட்டது."

வாயில் போட்ட வெற்றிலை எனக்குத் தொண்டையில் போனது.

"எ… என்ன கொக்கு?"

"கொக்குன்னா கொக்குதான். ஒத்தைக் கால்ல நிக்குது. பின்னால ஒரு மலை. மண்டையில சுண்ணாம்பு."

"விளிம்பில?"

"செவப்புப் பூ. பொன்னும் இருந்துது. எனக்கு என்ன தெரியும் அதெல்லாம்? நாளைக்கு எவனோ ஒரு துரை வந்து எடுத்திட்டுப் போறானாம்."

ஜோடி! யூஜின் சொன்ன ஜோடி! எங்கேயோ இருக்கிறது என்று சொன்னானே, அது அவன் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. நாளைக்குத் துரை கொண்டுபோய்விடுவான். என் கொக்கு காலமெல்லாம் பத்தாயத்துக்குள் ஒற்றையாகக் கிடந்து சாகும்.

"கடையில ஒரு சோலி இருக்கு," என்று எழுந்தேன்.

"போயிற்று வாங்க," என்றாள். மாவைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

யூஜின் கடையில் இல்லை. சாமான் எடுக்கக் கொளச்சலுக்குப் போயிருந்தான். செசிலிதான் இருந்தாள்.

"வாருங்க அண்ணாச்சி. மதினி சொன்னாவளா?"

"என்ன சொல்லணும் தங்கச்சி? சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"சும்மா வந்தவிய ஏன் இப்படி மூச்சு இளைக்கிய?"

தட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். பார்த்தேன். அதே வெள்ளை. அதே பூ. அதே மலை. எனக்குக் கண் கலங்கியது. ஆனால் நான் சும்மா வேடிக்கை பார்க்கிறவனா? சாமான் தெரிந்தவன் அல்லவா? பரிசோதித்தேன்.

"என் கிட்ட உள்ள தட்டில கொக்கு கெழக்கே பாக்கும். இது மேற்கே பாக்குது. பாத்தியா தங்கச்சி? ரெண்டும் மொகத்துக்கு மொகம் பாக்க மாதிரிச் செஞ்சிருக்கான். ஜோடிக்கு அதாக்கும் இலக்கணம்."

"அப்படியா அண்ணாச்சி!" என்று செசிலி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஆச்சரியத்தில் என்று நினைத்தேன். வட்டமான தட்டை எந்தப் பக்கமாக வைத்தாலும் கொக்கு அந்தப் பக்கம்தான் பார்க்கும் என்று எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

திருப்பினேன். பின்பக்கம், அதே இடத்தில், கடுகு அளவு கறுப்புப் புள்ளி.

ஒரு நிமிஷம் திக்கென்றது. ஆனால் விவரம் உள்ளவனுக்கு விளக்கம் கிடைக்காமல் போகுமா? "ஒரே சூளை, ஒரே நாள்!" என்று கூவினேன். "ரெட்டைப் பிள்ளைக்கு ஒரே எடத்தில மச்சம் இருக்காதா?"

"இருக்கும் அண்ணாச்சி. இருக்கும்." முந்தானை இன்னும் வாயில்தான் இருந்தது.

"துரைக்குக் குடுக்காத. எனக்குத் தா. என்ன வேணும்?"

செசிலி கொஞ்ச நேரம் யோசித்தாள். அல்லது யோசிக்கிற மாதிரி நின்றாள்.

"உங்க கிட்ட ஆறு கோப்பை இருக்குல்லா? அதை நான் கொளும்பில இருந்து வரும்போது கப்பல்ல மடியிலயே வச்சுக் கொண்டுவந்தேன் அண்ணாச்சி. அவரு என் கிட்ட ஒரு வார்த்தை கேக்காம உங்களுக்குத் தூக்கிக் குடுத்திட்டாரு. பெண்சாதி சாமானை அவ கிட்ட கேக்காம எடுத்துக் குடுக்கிற ஆம்பிளையை என்ன செய்யலாம்?"

"தப்புதான். ரொம்பத் தப்பு," என்றேன். யாரைப் பற்றிச் சொன்னாலும் தப்பு தப்புதானே?

"அந்தக் கோப்பையைத் தாருங்க. தட்டை எடுத்திட்டுப் போங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனதுக்குள் பெரிய வழக்கு. இந்தப் பக்கம் ஆறு பெண்கள். அந்தப் பக்கம் ஒரு கொக்கு. கோப்பையைக் கொடுத்தால் அலமாரி வெறிச்சோடிப் போகும். கொடுக்காவிட்டால் ஜோடி போகும். கடைசியில் கொக்கு ஜெயித்தது. கோப்பை வேறு கிடைக்கலாம். ஜோடி கிடைக்குமா?

வீட்டுக்குள் நுழைகிறேன், ஞானசெல்வி வேதப்புஸ்தகத்தோடு வெளியே வருகிறாள்.

"ஜெபக்கூட்டத்துக்குப் போறேன். வர நேரமாவும்."

"நிதானமா ஜெபிச்சிற்று வா."

அவள் போனதும் கோப்பைகளை எதில் வைத்துக் கொண்டுபோகலாம் என்று பார்த்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஓலைக் கடவம் இருந்தது. உள்ளே, கோப்பை பொதிய என்று சொல்லிவைத்த மாதிரி, வைக்கோல். கர்த்தர் வழியைத் திறக்கிறார் என்று நினைத்தேன். யார் திறந்தார்கள் என்று விசாரிக்கவில்லை.

கடைசிக் கோப்பையைப் பொதியுமுன் ஒருதடவை வெயிலுக்கு நேரே பிடித்தேன். சப்பான்காரி வந்தாள். இத்தனை நாள் அமைதியாக இருந்தவள், அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. பிரிகிற வருத்தத்தை மறைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கோப்பைகளைச் செசிலியிடம் கொடுத்தேன். தட்டை வாங்கித் துண்டில் சுற்றிப் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் வந்து நின்றது. யூஜின் இறங்கினான்.

"அண்ணாச்சி! நல்ல நேரத்தில பாத்தேன். உங்க உருளி உண்டுல்லா? அதைக் கொளும்புக்கு அனுப்ப ஆள் பாத்திட்டேன். ஆனா காலையில பாத்தா அது வீட்டில இல்ல ஓய்."

"ஏன், எங்க?"

"செசிலி ஈயம் பூசக் குடுத்திருக்காளாம்." தலையில் அடித்துக்கொண்டான். "வெண்கலத்துக்கு எவனாவது ஈயம் பூசுவானா?"

எனக்கு ஒரு கால் முன்னால் இருந்தது. மற்றது வர மறுத்தது.

"பூசமாட்டானா?"

"பித்தளைக்குப் பூசுவான். செம்புக்குப் பூசுவான். வெண்கலத்துக்கு எதுக்கு ஓய் ஈயம்? அடுக்களையில நிக்க பூனைக்குக்கூடத் தெரியும். நான் அவ கிட்ட கேட்டேன். 'அதெல்லாம் இப்பம் தக்கலையில பெரிய பெரிய ஆளுவளே பூசுதாவ'ன்னுட்டா."

யோவான் எதற்காக விழுந்து விழுந்து சிரித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. "உருளிக்கா? ஈயமா?" என்று ஞானசெல்வி கேட்டதும் காதில் மறுபடி விழுந்தது. முதல் நாளே தெரியும்! நான் வாயைத் திறந்த அந்த நிமிஷமே அவளுக்குத் தெரியும்! பொய் என்று தெரிந்துகொண்டே, "நல்லாப் பூசச் சொல்லுங்க" என்றிருக்கிறாள்.

ஓடினேன். தட்டை அணைத்துக்கொண்டு ஒரு கருப்பட்டி யாவாரி எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகம். தெருமுனை திரும்பினதுமே மணம் வந்தது. கருப்பட்டிப் பாகு. ஏலம். நெய்யில் வறுத்த தேங்காய்.

நேரே பத்தாயத்துக்குப் போனேன். மூடியின் மேல் மாவும் இல்லை, சுளவும் இல்லை. திறந்து, புதைத்த இடத்தில் கையை விட்டேன். நெல். இன்னும் கீழே விட்டேன். நெல். முழங்கை வரை விட்டேன். நான் சுற்றி வைத்த துணி மட்டும் கையில் வந்தது. அழகாக மடித்து வைத்திருந்தாள்.

அடுக்களை வாசலில் போய் நின்றேன். ஜெபக்கூட்டம் முடிந்துவிட்டது போல. அல்லது அடுக்களையிலேயே நடந்தது போல. அடுப்பில் உருளி இருந்தது. வெண்கல உருளி. ஞானசெல்வியின் அம்மா கொடுத்த உருளி. அதற்குள் பாகு கொப்பளித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் முதல் ஈடு முந்திரிக்கொத்து வெந்து, பொன் நிறமாக, ஓலைப்பெட்டியில் குவிந்து கிடந்தது.

அந்த வாசலில் நின்றபடியே எனக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. நெல் அள்ளும்போது அவள் கையில் அகப்பட்ட பத்தாயத்துத் தட்டு செசிலியிடம் போயிருக்கிறது. உருளி அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது. அதே தட்டை நான் கோப்பைகளைக் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். செசிலிக்குக் கோப்பை. இவளுக்கு உருளி. ஆறு சப்பான்காரிகளும் வீட்டைவிட்டு வெளியே. அவர்களைக் கடவத்தில் வைத்துச் சுமந்துகொண்டு போய் விட்டவன் நான். என் நெஞ்சோடு கிடக்கிறது ஜோடி இல்லை. அதே கொக்கு. கிழக்கே பார்த்தாலும் மேற்கே பார்த்தாலும் அதே கொக்கு.

ஆனாலும் ஆம்பிளை அல்லவா? விசாரிக்காமல் விடலாமா? குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டேன்.

"ஏட்டி செல்வி. பத்தாயத்தில ஒரு சாமான் இருந்துதே."

"பத்தாயத்தில நெல்லுல்லா இருக்கும்?"

"நெல்லுக்குள்ள ஒரு தட்டு. கொக்குத் தட்டு."

கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த பொதியைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"ஓ, அதுவா? பண்டிகை வருதுல்லா, பளபளன்னு இருக்கட்டுமேன்னு ஈயம் பூசக் குடுத்திருக்கேன்."

வாயைத் திறந்தேன். பீங்கானுக்கு எவளாவது ஈயம் பூசுவாளா என்று கேட்கத்தான் திறந்தேன். கேட்டால் அடுத்த கேள்வி அவளுடையது. அது என்ன கேள்வி என்று எனக்கும் தெரியும், அடுக்களையில் நிற்கிற பூனைக்கும் தெரியும். வாயை மூடினேன்.

கிட்ட வந்தாள். துண்டை விலக்கித் தட்டை என் கையில் இருந்து எடுத்தாள். வெளிச்சத்துக்குப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தாள். "நல்ல கொக்குதான். கழுத்தைப் பாருங்க, என்ன வளைவு," என்றாள். பிறகு முந்தானையால் ஒரு துடை துடைத்து, மேசையில் வைத்து, சூடு ஆறாத முந்திரிக்கொத்தை அள்ளி அதில் வைத்தாள்.

"தின்னுங்க."

"ஏட்டி, ஏட்டி! சூட்டில கீறிரும்ட்டி! ஒடஞ்சிரப் போவுது!"

"ஒடஞ்சா என்ன? இதுக்க ஜோடி ஈயம் பூசப் போயிருக்குல்லா, வந்திரும்," என்று சொல்லி, இன்னொரு கொத்தை எடுத்து, கொக்கின் தலையில் வைத்தாள்.